தேமல் விழுந்த திரை

அது நான் வடிவமைத்துக்கொடுத்த ஓர் எண்பதாம் கல்யாண ஆல்பம். 12க்கு 36 அங்குல அளவில், கரிஷ்மா ஷீட்டுகள் என்று நாங்கள் சொல்லும் அகலமான ஆல்பத் தாள்கள். மாலை வரவேற்பில் தாத்தா வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக நாற்காலியில் சாய்ந்து, பாட்டி சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கும் படம் ஒன்று அதில் இருந்தது. வீட்டார் அதைத் தனியாகப் பெரிதாக்கி, கூடத்தில் மாட்டக் கேட்டிருந்தார்கள். என் லேப்டாப்பில் பார்த்தபோது தாத்தாவின் வலது தோளுக்குக் கொஞ்சம் கீழே, சட்டையில் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்கு வெளிச்சம் கூடியிருந்தது. வீடியோக்காரரின் விளக்கு அங்கே விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தை மட்டும் வளைத்து, ஓரத்தை மிருதுவாக்கி, வெளிச்சத்தைக் கொஞ்சம் அடக்கினேன். பார்க்கச் சரியாக இருந்தது. லேபுக்கு அனுப்பிவிட்டேன்.

பிரிண்ட் வந்த அன்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி அதை மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முந்தானை நுனியை எடுத்துத் தாத்தாவின் தோளைத் துடைத்தார். இன்னொரு முறை துடைத்தார். "அழுக்கு போகலியேப்பா" என்றார்.

தோளில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் படிந்திருந்தது. அதை வைத்தவன் நான்தான்.

வீட்டுக்கு வந்து பழைய கோப்பைத் திறந்தேன். படத்தைப் பெரிதாக்கி மெல்ல மேலே நகர்த்தினேன். சட்டை நகர்ந்தது. வெளிச்சத் திட்டு நகரவில்லை. தாத்தாவின் முகம், பின்னால் இருந்த வாழைமரம், பாட்டியின் மாலை எல்லாம் ஒவ்வொன்றாக அந்தத் திட்டின் அடியில் புகுந்து வெளியே வந்தன. குறை படத்தில் இல்லை, திரையில் இருந்தது. இந்த ஒரு நகர்த்தலை வேலைக்கு முன்னால் செய்திருந்தால் பாட்டி முந்தானையை எடுத்திருக்க மாட்டார்.

அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா இது, கன்னத்துல தேமல் விழுந்த மாதிரி இருக்கு" என்றாள். அதைவிடப் பொருத்தமான சொல் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. ஓரம் தெளிவில்லாமல், சுற்றியிருக்கும் நிறத்தைவிடக் கொஞ்சம் வெளிறி, நேராக உற்றுப் பார்த்தால் மறைந்து, வேறெங்கோ பார்க்கும்போது தெரிகிற திட்டு. திரை செய்யும் தொழிற்சாலைகளில் இதற்கு 'முரா' என்று பெயர். ஒழுங்கின்மை, சீரில்லாமை என்று பொருள் தரும் ஜப்பானியச் சொல். உலகம் முழுக்கப் பேனல் செய்கிறவர்கள் அந்தச் சொல்லைத்தான் புழங்குகிறார்கள். நான் தேமல் என்றே சொல்கிறேன்.

அடுத்து நான் செய்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது. பக்கத்தில் இருந்த ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்தவர் திரையை வெள்ளையாக்கி ஒரு நொடி பார்த்தார். "டிஸ்ப்ளே போயிடுச்சு சார், மாத்திடலாம்." ஏன் போனது என்று அவர் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. 5,500 ரூபாய் ஆனது. புதுப் பேனல் பளிச்சென்று இருந்தது. ஏழு மாதம் கழித்து ஒரு வளைகாப்பு ஆல்பத்தில், கிட்டத்தட்ட அதே இடத்தில், அதே தேமல். பக்கத்தில் இன்னும் இரண்டு.

பேனல் புதிது, தேமல் பழையது. அப்படியானால் அதை உண்டாக்குவது பேனலுக்கு வெளியே ஏதோ ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகாமல் நானே உட்கார்ந்து பார்ப்பதென்று முடிவுசெய்தேன். கழற்றத் திருப்புளிகூடத் தேவைப்படவில்லை. பொறுமையும் ஓர் இருட்டறையும் போதுமாயிருந்தன.

முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் போனுக்கு அனுப்பிப் பார்த்தேன். போனில் திட்டு இல்லை. ஸ்கிரீன்ஷாட் என்பது கணினி வரைந்து முடித்த படம், திரைக்குப் போகுமுன் எடுத்த நகல். அதில் குறை இல்லை என்றால் மென்பொருள் பக்கம் குற்றமில்லை. ஆனால் படம் அங்கிருந்து கிளம்பிப் பேனலுக்குப் போகிற வழியில் கெட வாய்ப்பு உண்டு. அதற்கு எச்.டி.எம்.ஐ. வயரில் வீட்டு டிவியை இணைத்தேன். டிவியில் சுத்தமாக இருந்தது. லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டு, விண்டோஸ் வருமுன்பே பயாஸுக்குள், அதாவது லேப்டாப்பின் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள், போனேன். அங்கேயும் திட்டு அதே இடத்தில் இருந்தது. டிரைவர் மென்பொருளை மாற்று, வண்ண அமைப்பை அழித்து வை என்று நண்பர்கள் சொன்ன யோசனைகள் அத்தனையும் இந்தப் பத்து நிமிடத்தில் தேவையற்றுப் போயின.

இனி திரைக்குள்ளேதான். ஆனால் திரை என்பது ஒரே பொருள் இல்லை. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

லேப்டாப்பின் எல்.சி.டி. திரை ஓர் அடுக்கு. நம் கண்ணுக்குக் கிட்டே இருப்பது கண் கூசாமலிருக்கப் பூசிய மேல்பூச்சு. அதன் கீழே, ஒரே திசையில் அதிரும் வெளிச்சத்தை மட்டும் விடுகிற போலரைசர் ஃபிலிம், வண்ண வடிகட்டி இருக்கும் கண்ணாடி, பிறகு திரவப் படிகம். அதன் கீழே டிரான்சிஸ்டர்கள் பதித்த இன்னொரு கண்ணாடியும் இன்னொரு போலரைசரும். இரண்டு கண்ணாடிக்கும் இடையே திரவப் படிகம் நிற்கிற இடைவெளி வெறும் 3, 4 மைக்ரான். தலைமயிரின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். இவ்வளவும் வெளிச்சத்தை விடவும் தடுக்கவும் மட்டுமே தெரிந்த பகுதி. வெளிச்சம் இதற்கும் பின்னாலிருந்து வருகிறது.

பின்னால் இருக்கும் பகுதியைத்தான் நான் இவ்வளவு நாளும் அறியாமல் இருந்தேன். திரையின் அடிவிளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன எல்.இ.டி.கள். அவற்றின் வெளிச்சம் ஒரு மெல்லிய அக்ரிலிக் தகட்டின் விளிம்பு வழியாக உள்ளே நுழைகிறது. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, மாறுநிலைக் கோணம் சுமார் 42 டிகிரி. பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான் இங்கே வேலை செய்கிறது. வெளிச்சம் வெளியே வர முடியாமல் தகட்டுக்குள்ளேயே மோதி மோதி மேல்நோக்கி ஓடும். தகட்டின் பின்பக்கத்தில் நுண்ணிய புள்ளிகள் இருக்கும். புள்ளியில் மோதும் வெளிச்சம் சிதறி வெளியே வரும். எல்.இ.டி.க்குக் கிட்டே புள்ளிகள் இடைவெளி விட்டும் தள்ளிப் போகப் போக நெருக்கமாகவும் வைத்திருப்பார்கள். வயலில் மடைக்குப் பக்கத்துப் பாத்திக்கும் கடைமடைப் பாத்திக்கும் ஒரே அளவு தண்ணீர் போக வாய்க்காலைத் திருத்துகிறோமே, அந்த வேலை. தகட்டுக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பியனுப்ப ஒரு வெள்ளைத் தாள். முன்னால் வெளிச்சத்தைப் பரப்ப டிஃப்யூசர் தாள்களும், நம் முகத்தை நோக்கிக் குவிக்க நுண்ணிய வரிகள் போட்ட பிரிசம் தாள்களும்.

இந்தத் தாள்களைப் பெரும்பாலும் பசை போட்டு ஒட்டுவதில்லை. ஓரத்தில் பிடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். நடுவே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத காற்று இடைவெளியும் சேர்ந்துதான் அந்த ஏற்பாடு. ஏதோ ஓரிடத்தில் தொடர்ந்து அழுத்தம் விழுந்து, தாள் தகட்டோடு ஒட்டிக்கொண்டாலோ வரிகள் நசுங்கினாலோ அந்தக் கணக்குக் கெடும். அடைபட்டு ஓடிக்கொண்டிருந்த வெளிச்சம் அந்த இடத்தில் அளவுக்கு மீறி வெளியே வரும். அதுதான் தேமல்.

திரவப் படிகத்தைப் பற்றி ஒரு வார்த்தை, நேரடித் தொடர்பு இல்லையென்றாலும். 1888இல் பிராகில் ஃப்ரீட்ரிஷ் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலை இருப்பதைக் கண்டார். 145.5 டிகிரியில் கலங்கலாக உருகியது, 178.5 டிகிரியில் தெளிந்தது. திரவப் படிகத்தின் கதை அங்கே தொடங்குகிறது. 1977இல் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் சிவராமகிருஷ்ண சந்திரசேகரும் அவரோடு இருந்தவர்களும், தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார்கள். இவர் சர் சி.வி. ராமனின் சகோதரி மகன். நோபல் பரிசு பெற்ற விண்ணியற்பியலாளர் சந்திரசேகர் ராமனின் அண்ணன் மகன், அவர் வேறு. பக்கவாட்டில் பார்த்தாலும் படம் வெளுக்காமல் இருக்க எல்.சி.டி. திரைகளில் ஒட்டிய ஃபிலிம்களில் பின்னாளில் அந்தத் தட்டு மூலக்கூறுகள் பயன்பட்டன. நம் வீட்டுப் பிள்ளைகள் கைபட்ட பொருள் இந்தத் திரை என்பது எனக்குச் சந்தோஷம். அதனால் சொன்னேன்.

இனி என் திட்டு எந்த அடுக்கில் இருக்கிறது?

லேப்டாப்பை அணைத்தேன். அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்தேன். மேல்பூச்சு உரிந்திருந்தாலோ, விரலெண்ணெய் படிந்திருந்தாலோ, கீ தேய்ந்த தடம் இருந்தாலோ இந்த நிலையில் பளபளப்பு மாறித் தெரியும். கீகளின் ஓரம் பதிந்த மங்கலான கட்டங்கள் தெரிந்தன. அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். திட்டு இருந்த இடங்களில் எதுவும் இல்லை. மேலடுக்கில் குற்றமில்லை.

அடுத்து, முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரை நிறைய வைத்து, வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். கறுப்பில் திரவப் படிகம் கதவைச் சாத்திவிடுகிறது. பின்னாலிருக்கும் வெளிச்சத்தில் ஓரளவு ஏற்ற இறக்கம் இருந்தாலும் சாத்திய கதவுக்கு வெளியே அது பெரிதாகத் தெரியாது. கறுப்பில் பளிச்சென்று தெரிகிற திட்டு என்றால் கதவே கோணியிருக்கிறது, அதாவது கண்ணாடிக்கு எங்கோ இழுவிசை. மூலைகளிலிருந்து வெளிச்சம் கசிவது இந்த வகை, சட்டத்தில் திருகு இறுகினாலும் வரும். ஐ.பி.எஸ். என்ற, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகைத் திரைகளில் மூலை மட்டும் புகைபோல ஒளிர்வது பலரைப் பயமுறுத்தும். தலையை அசைத்துப் பாருங்கள். ஒளிர்வு உங்களோடு இடம் மாறினால் அது அந்த வகைத் திரையின் இயல்பு. அசையாமல் நின்றால் கசிவு. என் திரையில் கறுப்பில் தேமல் கிட்டத்தட்டக் காணாமல் போனது.

பிறகு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கடைசியாகப் பாதிச் சாம்பல். முன்னைய நான்கிலும் தேமல் இருந்தது. ஒரு நிறத்தில் கூடியும் இன்னொன்றில் குறைந்தும் இல்லை, எல்லாவற்றிலும் ஒரே விதம். பாதிச் சாம்பலில்தான் மிகத் தெளிவாக, மூன்று திட்டும் எல்லையோடு தெரிந்தன. வெள்ளையில் கண் கூசிப்போகும், கறுப்பில் எல்லாம் அடங்கிவிடும். நடுச் சாம்பல்தான் நேர்மையான சாட்சி. கிட்டே உட்கார்ந்து பார்ப்பதைவிட எழுந்து ஐந்தாறு அடி தள்ளி நின்று, கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பார்த்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும். போனில் படம் எடுத்து நம்ப வேண்டாம். கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, இல்லாத பயத்தை உண்டாக்கும்.

கறுப்பில் மறைகிறது, எல்லா நிறத்திலும் ஒரே அளவு தெரிகிறது. அப்படியானால் திட்டு திரவப் படிகத்துக்குப் பின்னால், வெளிச்சம் வரும் தாள்களில் இருக்கிறது. எந்த அடுக்கு என்று தெரிந்துவிட்டது. ஏன் என்பது பாக்கி.

ஏன் என்பதைத் திட்டின் உருவம்தான் சொல்லும். தண்ணீர் அல்லது துடைக்கும் திரவம் உள்ளே போயிருந்தால், வெயிலில் காய்ந்த சுவரில் மழைத்தண்ணீர் விட்டுப்போன வரைபோல, ஓரம் அலையலையாக, கோடிட்டதுபோல இருக்கும். பலர் ஸ்ப்ரேயை நேராகத் திரையில் அடிக்கிறார்கள். அது வழிந்து கீழ்ச்சட்டத்தின் இடுக்கில் இறங்கித் தாள்களுக்கு நடுவே ஏறிவிடும். துணியில் அடித்துத்தான் துடைக்க வேண்டும். அடிவிளிம்பிலிருந்து விசிறிபோல இருளும் ஒளியும் மாறி மாறி எழுந்தால் எல்.இ.டி. சிலது அணைந்திருக்கிறது, அல்லது அவற்றுக்கு மின்சாரம் சரியாகப் போகவில்லை. கருநீலமாகவோ கறுப்பாகவோ மை கொட்டியதுபோல ஒன்று தோன்றி, நாளுக்கு நாள் பரவினால் கண்ணாடி விரிசல் விட்டுத் திரவப் படிகம் கசிகிறது. அதற்குப் பேனல் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. நேற்றுத் திறந்திருந்த பக்கத்தின் எழுத்து இன்று ஆவிபோலத் தெரிந்தால் அது படிமம் தங்குவது. எல்.சி.டி.யில் பெரும்பாலும் சில மணி நேரத்தில் கலையும். ஓ.எல்.இ.டி. திரையில் அப்படி ஒன்று நிலைத்துவிட்டால் கலையாது. அங்கே பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தேய்கிறது, நீலம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேய்கிறது. அந்தத் திரைக்கு நான் சொல்லும் கறுப்புச் சோதனை செல்லாது.

என்னுடையது வட்டம். ஓரம் மிருது, நடு வெளிச்சம். அழுத்தத்தின் உருவம். எது அழுத்துகிறது?

மேசை டிராயரில் பழைய ஓ.எச்.பி. ஷீட், அதாவது மறுபக்கம் தெரியும் பிளாஸ்டிக் தாள், ஒன்று கிடந்தது. அதைத் திரைமேல் வைத்து, சாம்பல் படத்தைப் போட்டு, மூன்று திட்டையும் மார்க்கரால், திரையில் அழுந்தாமல், மெல்ல வட்டமிட்டேன். பிறகு ஷீட்டின் அடிவிளிம்பைக் கீல் பக்கம் பிடித்துக்கொண்டு, புத்தகத் தாளைச் சாய்ப்பதுபோல அப்படியே கீபோர்டின்மேல் சாய்த்தேன். மூடும்போது திரையின் எந்த இடம் கீழே எதைத் தொடுகிறது என்பதை இது காட்டிவிடும். திரையின் மேல்விளிம்பு நம் வயிற்றுப் பக்கம் வரும், கீழ்விளிம்பு கீலோடு நிற்கும், இடது இடதாகவே இருக்கும்.

மூன்று வட்டமும் உள்ளங்கை வைக்கும் இடத்தில் விழுந்தன. இரண்டு டச்பேடின் இருபுறமும், ஒன்று டச்பேடின் மேலோரத்தில்.

அங்கே மேலே ஒன்றும் இல்லை. ஆனால் அடியில் பேட்டரி இருக்கிறது. இப்போதைய பெரும்பாலான லேப்டாப்களில் பேட்டரி முன்பக்கம், கை வைக்கும் இடத்துக்கு அடியில்தான்.

ஒரு ஸ்கேலை எடுத்து நிமிர்த்திக் கை வைக்கும் இடத்தின் குறுக்கே வைத்தேன். ஸ்கேல் இரண்டு ஓரத்திலும் தொடாமல் நடுவில் நின்று ஆடியது. மூடி, மேசையில் வைத்து ஒரு மூலையைத் தொட்டேன். லேப்டாப்பே ஆடியது. இரண்டு மாதமாக டச்பேட் இறுகிப்போய்க் கிளிக் ஆகாமல், நான் மவுஸ் வாங்கியிருந்தேன். மூடினால் முன்னால் ஒரு நூல் இடைவெளி நின்றது. டார்ச்சில் தெரிந்த கீ தடங்களும் இதைத்தான் சொல்லியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கண்டிருக்கிறேன், சேர்த்துப் பார்க்கவில்லை.

உடனே அணைத்துச் சார்ஜரைப் பிடுங்கினேன். பேட்டரி உப்பிவிட்டது என்றால் இதைச் செய்தே ஆக வேண்டும், வேலை பாக்கியிருந்தாலும். லித்தியம் பேட்டரியின் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் எளிதில் தீப்பற்றக்கூடிய கரிமக் கரைப்பான். அது சூட்டிலும் வயதிலும் சிதையும்போது கரியமில வாயு, கார்பன் மோனாக்ஸைடு, எத்திலீன் போன்ற வாயுக்கள் உண்டாகி, வெளியேற வழியில்லாமல் பேட்டரியை அடைத்திருக்கும் பையை உப்ப வைக்கும். அமுக்கினாலோ குத்தினாலோ உள்தகடுகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடிக்கலாம். பேட்டரியின் நலம் காட்டும் ரிப்போர்ட்டை விண்டோஸிலிருந்து நான் முன்பே எடுத்துப் பார்த்திருந்தேன். 71 சதவீதம் என்று காட்டியது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். அந்த எண் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று மட்டும் சொல்லும். உப்பியிருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு ஸ்கேல்தான்.

மறுநாள் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன். நரசிங்கபுரம் தெரு பக்கம் மாடியில் ஒரு சின்னக் கடை, இரண்டு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். எல்லாரும் பாய் என்று கூப்பிடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் திட்டைக் காட்டவில்லை. ஓ.எச்.பி. ஷீட்டைத் திரையில் வைத்துக் காட்டி, அப்படியே கீழே சாய்த்தேன். அவர் ஷீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, இது பேட்டரி உப்புன கேஸு. டிஸ்ப்ளே மேல கை வைக்காத. மொதல்ல அடிய தொறப்போம்."

"போன தடவ டிஸ்ப்ளேவ மாத்திட்டேன் பாய்."

"தெரியுது. புது பேனல போட்டு அதே முட்டு மேல மூடினா, அதே எடத்துலதான் முட்டும்."

அடிமூடியின் திருகுகளை எடுத்ததும் மூடி தானே எழும்பியது. உள்ளே மூன்று பைகளில் நடுப்பை அப்பளம்போல எழும்பியிருந்தது, மற்ற இரண்டும் ஓரளவுக்கு. பாய் உலோகக் கருவி எதையும் கிட்டே கொண்டுபோகவில்லை. கனெக்டரை நகத்தால் நெம்பி எடுத்து, ஒட்டியிருந்த டேப்பைப் பொறுமையாகப் பக்கவாட்டில் இழுத்து, பேட்டரியை வளைக்காமல் தூக்கி, மணல் போட்ட ஒரு தகர டப்பாவில் வைத்தார். அந்த டப்பாவில் ஏற்கெனவே நாலைந்து கிடந்தன. சேர்ந்ததும் மறுசுழற்சிக்கு எடுக்கிறவர்களிடம் கொடுப்பாராம். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்தி முடித்த பேட்டரியை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு. பல வீடுகளில் உப்பிய போன் பேட்டரி அலமாரியில் துணிகளுக்கு நடுவே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

பேனலை மாற்றட்டுமா என்று கேட்டேன். "இப்ப வேணாம். முட்டு போயிடுச்சில்ல, ஒரு மாசம் பாரு. கொஞ்சம் அடங்கும். அடங்கலன்னா வா." அந்த ஒரு வாக்கியத்தில் அவர் வேண்டாமென்று விட்டது 5,000 ரூபாய் வியாபாரம். அந்த மனிதரின் மேசையில் மூன்று பேனல்கள் விற்பனைக்குச் சாய்ந்து நின்றன. அவர் பெயரை எழுத அவர் ஒப்பவில்லை, அதனால் எழுதவில்லை.

ஒரு மாதத்தில் இரண்டு திட்டு கண்ணுக்குத் தெரியாமல் அடங்கிவிட்டன. மூன்றாவது சின்னதாகிவிட்டது, போகவில்லை. அங்கே தாள் நிரந்தரமாக நசுங்கியிருக்க வேண்டும்.

என் பேட்டரி உப்பியது ஏன் என்றும் யோசித்தேன். நான்கு ஆண்டுகளாக, ராத்திரி பகலாகச் சார்ஜரிலேயே கிடந்த மெஷின். எப்போதும் 100 சதவீதம். முடித்த ஆல்பத்தைக் கோப்பாக மாற்றும் வேலை ஓடும்போது கை வைக்கிற இடம் சுடும். சென்னைச் சித்திரை வெயிலில் ஃபேன் மட்டும் ஓடும் அறை. முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் இந்த வகைப் பேட்டரிக்குச் சீக்கிரம் வயதாகும். புதுப் பேட்டரி போட்டதும் பயாஸில் சார்ஜ் எல்லையை 80 சதவீதமாக வைத்துவிட்டேன். பல லேப்டாப்களில் இந்த வசதி இருக்கிறது, தேடினால் கிடைக்கும். பையில் லேப்டாப்புக்கு மேல் டிஃபன் பாக்ஸையும் ஹார்ட் டிஸ்க்கையும் திணிப்பதை நிறுத்தினேன். பேட்டரி உப்பாவிட்டாலும் இதுவே தேமலை உண்டாக்கப் போதுமான அழுத்தம்.

ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. திரையில் புள்ளி (பிக்செல்) செத்துப்போனால் அதற்குக் கணக்கு உண்டு. ஐ.எஸ்.ஓ. 13406-2 என்ற 2001ஆம் ஆண்டுத் தரத்தில், இரண்டாம் வகுப்புத் திரைக்கு ஒரு மில்லியன் புள்ளிகளுக்கு எப்போதும் எரிவது 2, எப்போதும் அணைந்தது 2 வரை பொறுக்கலாம் என்று எண் போட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்து வாதாடலாம். தேமலை எண்ண முடியாது. பேனல் செய்கிறவர்கள் வெளிச்சச் சீர்மையைத் திரையின் 5 அல்லது 13 இடங்களில் அளந்து பார்க்கிறார்கள். அந்த இடங்களுக்கு நடுவே விழுகிற தேமல் அந்தக் கணக்கில் வராது. தொழிற்சாலைக்குள் முராவை அளக்கத் தனி முறைகள் இருக்கின்றன. அவை சர்வீஸ் மேசைவரை வருவதில்லை. மேசையில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிந்தால் உண்டு. தெரிந்தாலும் அழுத்தத்தால் வந்தது என்று அடையாளம் கண்டுவிட்டால், "பிசிகல் டேமேஜ், வாரன்டியில வராது" என்பார்கள். வெளியிலிருந்து அழுத்தியதா, லேப்டாப்பின் சொந்தப் பேட்டரியே உள்ளிருந்து அழுத்தியதா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. வாரன்டி இருக்கும்போது உங்களுக்குத் தேமல் வந்தால், திரையை மட்டும் காட்டாதீர்கள். ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள், மேசையில் ஆடுவதை வீடியோ எடுங்கள், பேட்டரியைத் திறந்து பார்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பேட்டரியின் குற்றம் என்று நிலைநாட்டினால் பேச்சு வேறாகும்.

சர்வீஸ் செய்கிற தம்பிமார்களிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். தேமலோடு வரும் மெஷினைத் திரையிலிருந்து பார்க்கத் தொடங்காதீர்கள். மூடி, மேசையில் வைத்து, ஒரு மூலையைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு நொடி வேலை. முதல் கடையில் யாராவது அதைச் செய்திருந்தால் உப்பிய பேட்டரி இன்னும் ஏழு மாதம் என் மடியில் உட்கார்ந்திருக்காது. அந்த ஏழு மாதத்தில் தங்கையின் மகன் அந்த லேப்டாப்பைப் படுக்கையில் வைத்துக் கார்ட்டூன் பார்த்திருக்கிறான். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

தாத்தாவின் படத்தைத் திருத்தாமல், முதலில் எடுத்தபடியே, என் செலவில் மறுபடி பிரிண்ட் போட்டேன். அனுப்புவதற்கு முன் டிவியிலும் நண்பனின் மானிட்டரிலும் வைத்துப் பார்த்தேன். சட்டை முழுக்க ஒரே வெள்ளை. கொண்டுபோனபோது தாத்தாவும் கூடத்தில் இருந்தார். பாட்டி இந்த முறையும் முந்தானையைக் கையில் எடுத்தார், ஆனால் கண்ணாடிச் சட்டத்தின் தூசியைத் துடைக்கத்தான்.

மூன்றாவது திட்டு இன்னும் என் திரையின் மேல் இடப்பக்கத்தில் இருக்கிறது. வெள்ளைச் சட்டையோ மல்லிகைச் சரமோ அங்கே வந்தால், கையை வைக்குமுன் படத்தை ஒரு விரற்கடை நகர்த்திப் பார்க்கிறேன்.